பரணில் இருக்கும் அப்பாவின் நாட்டுத் துப்பாக்கி: என்ன செய்வது?

கிருஷ்ணகிரி மாவட்டத்து மலையோர கிராமம் ஒன்றிலிருந்து விவசாயி ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளிவர வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிட்டேன். கடிதத்தின் சாரம் இது.

அவருக்கு மூன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். கேழ்வரகும் நிலக்கடலையும் போடுகிறார். காப்புக்காட்டு எல்லையிலிருந்து நிலம் ஒன்றரை கிலோமீட்டர். காவிரி வடக்கு வன உயிரின சரணாலயத்தின் எல்லையும் பத்து கிலோமீட்டருக்குள்தான். சென்ற ஆண்டு அறுவடை நெருங்கிய வேளையில் காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் முக்கால் ஏக்கர் கடலையைக் கிளறிப்போட்டுவிட்டன. அவருடைய அப்பா, பயிர்ப் பாதுகாப்புக்கு என்று உரிமம் பெற்று ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார். குழலின் வாய்வழியே கரிமருந்தையும் குண்டையும் போட்டுக் கம்பியால் இடித்து, பின்னால் கேப்பு (அடிபட்டதும் பொறி தரும் சிறு மூடி) வைத்துச் சுடும் வகை. உரிமம் காலாவதியாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அப்பா இறந்து ஒன்பது மாதங்கள். துப்பாக்கி சமையல்கட்டுப் பரணில் சாக்குக்குள் இருக்கிறது.

"நூறு வருடம் பழையது, இதற்கெல்லாம் உரிமம் தேவையில்லை என்கிறார் பெரியப்பா மகன். காட்டுப்பன்றியைச் சுட அரசாங்கமே அனுமதித்துவிட்டது என்கிறார்கள். பக்கத்து ஊர்க் கொல்லர் விசையைச் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கும் என் மைத்துனர் இதே மாதிரி துப்பாக்கியில்தான் மான் வேட்டைக்குப் போகிறார். புதிதாக ஒன்று வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்கிறார். எது நல்லது, எப்படிப் பராமரிப்பது என்று சொல்லுங்கள் ஐயா. காவல் நிலையத்துக்குப் போகலாம் என்றால் வழக்குப் போட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது" என்று எழுதுகிறார். கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் இரண்டு வரிகள்: "அப்பா எப்போதும் மருந்து கெட்டித்தே வைத்திருப்பார். போன வாரம் என் மகன், பதினோரு வயது, அதைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்திருக்கிறான்."

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கடைசியில் எழுதிய இரண்டு வரிகளுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். சட்டம் அதற்குப் பிறகு.

முதலில் பரண்

கரிமருந்து காலத்தால் செத்துப்போவதில்லை. ஈரம் புகாமல் இருந்தால் பல பத்தாண்டுகள் கழித்தும் அதே வேகத்தில் எரியும். 2008இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், 1860களின் உள்நாட்டுப் போரில் எஞ்சிய பீரங்கிக் குண்டு ஒன்றைத் தன் வீட்டில் சுத்தம் செய்துகொண்டிருந்தவர் அது வெடித்து இறந்துபோனார். ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து! உங்கள் வீட்டுப் பரணோ அடுப்புக்கு நேர்மேலே இருக்கிறது. மருந்து நமத்துவிடக் கூடாது என்றுதான் அந்தக் காலத்தில் அங்கே வைத்தார்கள். இன்றைக்கு அதுவே ஆபத்து.

எனவே உள்ளே மருந்து இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாக்கை அவிழ்க்க வேண்டாம். கேப்பை அடிக்கும் சுத்தியை இழுத்துப் பார்க்க வேண்டாம். கேப்பு வைக்கும் முனையில் பழைய கேப்பு துருவோடு ஒட்டிக்கொண்டிருந்தால், சுத்தி ஒருமுறை தவறி விழுந்தாலே போதும். குழலுக்குள் கம்பி விட்டுக் கிளற வேண்டாம். தண்ணீர் ஊற்றினால் மருந்து செத்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள். குண்டுக்கும் துணி அடைப்புக்கும் பின்னால் உள்ள மருந்துவரை தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அந்த அறையைப் பூட்டுங்கள். அது தீரும்வரை சமையலை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மகனைத் திட்டாமல், அதில் மருந்து இருக்கிறது, கை வைத்தால் உயிர் போகும் என்று நேராகச் சொல்லுங்கள். ஒளித்துவைத்ததைப் பிள்ளைகள் தேடிப் போவார்கள். காரணம் சொன்னால் கேட்பார்கள்.

மருந்தை வெளியே எடுப்பது காவல்துறை ஆயுதப் பிரிவில் அந்த வேலை தெரிந்தவர் செய்ய வேண்டியது. உங்கள் மனுவில் "உள்ளே மருந்து கெட்டித்திருக்கலாம்" என்ற வாக்கியம் கட்டாயம் இருக்கட்டும். அது உங்களையும் காக்கும், துப்பாக்கியை வாங்கிப்போக வரும் காவலரையும் காக்கும்.

பழையது என்பதால் விலக்கு இல்லை

பெரியப்பா மகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது ஆபத்தான ஆலோசனை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் பிரிவு 45, வழக்கொழிந்த, தொன்மையான அல்லது பழுதான ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் ஒரு நிபந்தனையோடு: பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடுவதற்குப் பயன்படாததாக அது இருக்க வேண்டும். கொல்லர் ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம் என்று சொல்கிற துப்பாக்கி அந்த விலக்குக்குள் வராது. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் வாய்வழி மருந்து கெட்டிக்கும் வேட்டைத் துப்பாக்கிகளைப் பெரும்பாலும் தொன்மை ஆயுதங்களாகவே கருதுகிறது. நம் நாட்டில் அதற்கும் உரிமம் வேண்டும்.

அப்படியானால் இன்று உங்கள் நிலை என்ன? துப்பாக்கி உங்கள் வீட்டில் இருக்கிறது. இருப்பது உங்களுக்குத் தெரியும். அதன் மீது கட்டுப்பாடு உங்களிடம்தான். சட்டம் 'உடைமை' என்று பார்ப்பது இதைத்தான். தெரிந்து வைத்திருப்பதும் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதும் முக்கியம் என்று 1972இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. "அப்பாவுடையது, நான் தொட்டதுகூட இல்லை" என்ற வாதம் ஒன்பது மாதத்துக்குப் பிறகு வலுவிழந்துவிடும். உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தபட்சம் இரண்டு ஆண்டுகள், அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் சிறை, அதோடு அபராதம். சிறப்புக் காரணங்கள் எழுதினால் மட்டுமே நீதிமன்றம் இரண்டு ஆண்டுக்குக் கீழே போக முடியும்.

கொல்லரிடம் கொண்டுபோகும் எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். உரிமமின்றித் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பது, துப்பாக்கி செய்து விற்பதற்குச் சமமான குற்றமாகச் சட்டத்தில் இருக்கிறது. தண்டனை ஏழு ஆண்டுகளில் தொடங்கி ஆயுள்வரை போகும். ஏர்க்கொழுவும் அரிவாளும் அடித்துப் பிழைக்கும் ஒரு மனிதரை, உங்கள் மீதுள்ள பிரியத்தில் உதவ வந்தவரை, அந்தப் பிரிவுக்குள் இழுத்துவிடாதீர்கள். நீதிமன்றத்தில் இப்படிப்பட்ட வழக்குச் சொத்துகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன்: கழுத்தில் அட்டை கட்டிய துப்பாக்கி, பக்கத்தில் பிளாஸ்டிக் டப்பாவில் கரிமருந்து, ஒரு கைப்பிடி பால்ரஸ் குண்டுகள், தேங்காய் நார் கொஞ்சம். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் பெரும்பாலும் உங்களைப் போன்ற ஒரு விவசாயி. கடலையைக் காப்பாற்றப் போனவர், வாய்தாவுக்கு வந்தே நிலத்தைத் தரிசாகப் போட்டுவிடுகிறார்.

ஒப்படைக்கும் முறை

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அது ஆதாரமில்லாத பயமும் அல்ல. ஆனால் சட்டம் உங்களுக்கு ஒரு வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆயுதச் சட்டத்தின் பிரிவு 21, உரிமம் காலாவதியானதாலோ வேறு எந்தக் காரணத்தாலோ துப்பாக்கி வைத்திருப்பது சட்டப்படி இல்லாமல் போனால், தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, விதிகளுக்கு உட்பட்டு உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்கிறது. ஒப்படைத்தால் துப்பாக்கி போய்விட்டது என்று பொருளில்லை. பிறகு உங்கள் பெயரில் உரிமம் கிடைத்தால் திரும்பப் பெறலாம். வேண்டாம் என்றால் உரிமம் உள்ள ஒருவருக்கோ கடைக்கோ விற்று அந்தப் பணத்தைப் பெறலாம். இதற்குக் காலக்கெடு உண்டு; அது தாண்டினால் அரசுடைமையாகிவிடும். எனவே ஒப்படைத்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், தேதியை மறக்காதீர்கள்.

நான் வலியுறுத்துவது வரிசையை. முதலில் காகிதம் போகட்டும், பிறகு துப்பாக்கி போகட்டும். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றி நீங்களே காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், வழியில் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தினாலே போதும், நீங்கள் ஒப்படைக்கத்தான் போனீர்கள் என்பதை நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டிவரும். அதற்குப் பதிலாக ஒரு பக்க மனு எழுதுங்கள். அப்பாவின் பெயர், உரிம எண், காலாவதியான தேதி, இறந்த தேதி, துப்பாக்கி இருக்கும் இடம், மருந்து கெட்டித்திருக்கலாம் என்ற எச்சரிக்கை, பிரிவு 21இன்படி ஒப்படைக்க விரும்புகிறேன், ஆள் அனுப்பிப் பெற்றுக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை. இவ்வளவு போதும். மாவட்ட ஆட்சியருக்கு முகவரியிட்டு, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் உங்கள் காவல் நிலைய ஆய்வாளருக்கும் நகல் வையுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்தால் மனு எண்ணோடு ஒப்புகை கிடைக்கும். காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவு வசதியோடு விரைவுத் தபால். உரிமப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே எதையும் கையை விட்டுக் கொடுங்கள்.

ஒன்பது மாதத் தாமதத்தைப் பற்றிக் கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள்: துக்கம், காரியம், சட்டம் தெரியாதது. தேதியை மாற்றிச் சொல்லாதீர்கள்; இறப்புச் சான்றிதழில் தேதி இருக்கிறது. மலையோரப் பகுதிகளில் காவல்துறை அவ்வப்போது, தாமாக ஒப்படைப்பவர்கள் மீது வழக்கு இல்லை என்று அறிவிக்கிறது. அப்படி ஒரு அறிவிப்பு நடப்பில் இருந்தால் நல்லது. அது நிர்வாகம் தரும் உறுதிமொழிதான், சட்டப் பிரிவு அல்ல. அதனால் அறிவிப்பு வந்தாலும் மனுவும் ரசீதும் வேண்டும். காவல் நிலையம் செல்லும்போது ஊராட்சித் தலைவரையோ ஒரு வழக்கறிஞரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், வருமான வரம்புக்குள் இருப்பவர்கள் அனைவருக்கும் அங்கே இலவசம்.

உங்கள் பெயரில் உரிமம் கிடைக்குமா?

அப்பாவின் உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது. அது அவரோடு முடிந்துவிட்டது. உங்கள் பெயரில் புதிதாகக் கேட்க வேண்டும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், உரிமதாரர் இறந்தபின் சட்டப்படியான வாரிசு அந்தத் துப்பாக்கிக்கு உரிமம் கோர இடம் தருகின்றன. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மை உறுதிமொழி, பழைய உரிமம், பயிர்ப் பாதுகாப்புக்கு என்பதால் சிட்டா, அடங்கல் ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். அக்காவும் அம்மாவும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் கையெழுத்து இல்லாமல் மனு நகராது.

பலர் அறியாத ஒரு விஷயம், துப்பாக்கி உரிமம் தருவதில் அதிகாரிக்குப் பரந்த விருப்புரிமை இருந்தாலும், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்கும் குடிமகனுக்கு உரிமம் வழங்க வேண்டும் என்றே ஆயுதச் சட்டத்தின் பிரிவு 13 சொல்கிறது. மறுப்பதற்குப் பிரிவு 14இல் உள்ள காரணங்கள் வேண்டும். காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். பிரிவு 18இன்படி நீங்கள் மேல்முறையீடு செய்யலாம். அதிகாரிகள் இதை விரும்பிச் சொல்ல மாட்டார்கள். மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

உங்கள் விஷயத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. சரணாலயத்தின் பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிதாக எந்தத் துப்பாக்கி உரிமமும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு இல்லாமல் தரக் கூடாது என்கிறது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34. உரிமம் கிடைத்தபின் அவரிடம் பெயரைப் பதிந்துகொள்ளவும் வேண்டும். 2022 திருத்தத்துக்குப் பின், புதுப்பிக்கும்போதும் அவருக்குத் தகவல் போக வேண்டும். ஆகவே உங்கள் கோப்பு வருவாய்த்துறை, காவல்துறை, வனத்துறை மூன்றையும் சுற்றி வரும். கிடைக்காது என்று சொல்லவில்லை. அடுத்த கடலை அறுவடைக்குள் கிடைக்கும் என்று நம்பித் திட்டமிடாதீர்கள்.

உரிமம் இருந்தாலும் பன்றியைச் சுட முடியாது

இதைப் படிக்கும்போது உங்களுக்குக் கோபம் வரலாம். ஆனாலும் தெளிவாகச் சொல்லிவிடுவது என் கடமை. பயிர்ப் பாதுகாப்பு உரிமம் துப்பாக்கியை வைத்திருக்கத்தான் அனுமதி. விலங்கைச் சுட அது அனுமதி ஆகாது. காட்டுப்பன்றி இப்போது வன உயிரினச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அது உங்கள் கொல்லைக்குள் வந்து கடலையைத் தின்றுகொண்டிருந்தாலும், பிரிவு 11இன்கீழ் எழுத்துமூல உத்தரவு இல்லாமல் சுட்டால் அது வேட்டைதான். மூன்று ஆண்டுகள்வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். இருட்டில் பன்றி என்று நினைத்துச் சுட்டது, கூடுதல் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கும் விலங்காக இருந்துவிட்டால் குறைந்தபட்சமே மூன்று ஆண்டுகள். உங்கள் பக்கம் யானையும் காட்டுமாடும் வரும் இடம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அரசாங்கமே அனுமதித்துவிட்டது என்ற பேச்சு 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டிலிருந்து வந்தது. அந்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர்வரை பன்றியைச் சுடவோ பிடிக்கவோ கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் வனத்துறை பிடித்துக் காட்டுக்குள் விடும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும் சுடலாம். சுடுபவர் வனத்துறைப் பணியாளர், விவசாயி அல்ல. உங்கள் நிலம் ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே சுடும் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் கூண்டு வைத்துப் பிடியுங்கள் என்று கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனப் பணியாளர் அடங்கிய குழு வழியாக அதைக் கேளுங்கள். உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களை வரவழைத்துச் சுடவைக்கும் காணொளிகள் கேரளத்தைச் சேர்ந்தவை. அங்கே 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அந்த அதிகாரம் கொடுக்கப்பட்டது. ஓசூரைத் தாண்டினால் சட்டம் மாறுகிறதோ இல்லையோ, வாளையாறைத் தாண்டினால் இந்த நடைமுறை மாறுகிறது.

உயிருக்கு ஆபத்து வந்த நேரத்தில், தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்தோடு ஒரு விலங்கைக் கொல்வது குற்றமல்ல என்று அதே பிரிவு 11 சொல்கிறது. ஆனால் குற்றம் செய்துகொண்டிருந்தவருக்கு, உதாரணமாக உரிமமில்லாத துப்பாக்கியோடு இரவில் காட்டோரம் காத்திருந்தவருக்கு, அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. எந்த வழியில் செத்தாலும் விலங்கின் உடல் அரசுடைமை. "கிடைத்ததை ஊரே பங்கு போட்டுக்கொள்ளும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பங்கு ஊரையே வழக்கில் சேர்க்கும்.

துப்பாக்கி வேண்டாம் என்றதும் மனம் அவுட்டுக்காய்க்கும் (தீனிக்குள் மறைத்துவைக்கும் நாட்டு வெடி) மின்வேலிக்கும் போய்விடக் கூடாது. அவுட்டுக்காயில் வாய் சிதறிய யானைகளையும், மின்வேலியில் சிக்கி விடியற்காலையில் கிடந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர்களையும் இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. சேதம் நடந்த அன்றே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் இழப்பீட்டு மனு கொடுங்கள். கிளறிய நிலத்தை உழுதுவிட்ட பிறகு அளவீடு செய்ய வருபவருக்குக் காட்ட எதுவும் இருக்காது. சென்ற ஆண்டு நீங்கள் செய்த தவறு இதுதான் என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன்.

மைத்துனர் சொல்வதும், எந்தத் துப்பாக்கி என்பதும்

உங்கள் மைத்துனர் தவறாகச் சொல்லவில்லை. அவர் ஊருக்கு அது சரி. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸை அடுத்து, சிக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பும் துப்பாக்கிக்கென்று ஒதுக்கிய மான் வேட்டைப் பருவம் 1974 முதல் இருக்கிறது. மாநில வேட்டை ஆணையம் மான்களின் எண்ணிக்கையைப் பார்த்து அனுமதிச் சீட்டு விற்கிறது. அங்கே துப்பாக்கி தேர்ந்தெடுப்பவர்கள் குழலுக்குள் சுருள்வரி இருக்கிறதா, கேப்பு பின்னால் நேராகப் பொருந்துகிறதா பக்கவாட்டிலா, குண்டின் எடை என்ன என்றெல்லாம் பேசுவார்கள். நமக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. பயிர்ப் பாதுகாப்புக்குச் சட்டம் சொல்வது வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று உரிம அதிகாரி கருதினால், வரியில்லாத வழுவழுப்பான குழல் கொண்ட வேறு துப்பாக்கி. வெளிநாட்டிலிருந்து ஆயுதம் கொண்டுவர ஆயுதச் சட்டத்தின் பிரிவு 10இன்கீழ் தனி அனுமதி வேண்டும். அவர் பார்சலில் அனுப்பினால், அல்லது பிரித்துப் பெட்டியில் போட்டு விமானத்தில் கொண்டுவந்தால், இருவருமே குற்றவாளிகள். அன்போடு மறுத்துவிடுங்கள்.

உரிமம் கிடைத்த பிறகு இரண்டு வழி இருக்கும்: அப்பாவின் துப்பாக்கியையே உரிமம் பெற்ற பழுதுநீக்குநரிடம் கொடுப்பது, அல்லது உரிமம் பெற்ற கடையில் புதிதாக வாங்குவது. பழையதை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை இயல்பு. ஆனால் குழலில் எங்காவது வீக்கமோ உள்ளே ஆழமான துருப்பள்ளமோ இருந்தால், கேப்பு முனையின் மரை தேய்ந்து ஆடினால், சுத்தியைப் பாதி இழுத்து நிறுத்திய நிலையில் விசையை அழுத்தும்போது அது விழுந்துவிட்டால், அதைச் சுடுவதற்குப் பயன்படுத்தாதீர்கள். குழலில் பொறித்த எண்ணும் அப்பாவின் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் துப்பாக்கியைத் திரும்பப் பெறுவதே சிக்கலாகும். ஒப்படைக்கும் நேரத்தில் மகஜரில் அந்த எண்ணைச் சரியாக எழுதச் சொல்லுங்கள்.

பராமரிப்பு பற்றி நீங்கள் கேட்டதில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. தண்ணீர் படக் கூடாது, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். கரிமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் கசடாகக் குழலிலும் புகையிலும் தங்கிவிடுகிறது. அந்தக் கசடில் பெரும்பகுதி உப்புகள். அவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து ஓரிரவிலேயே துருப்பிடிக்க வைக்கும். மண்ணெண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். மருந்தும் குண்டும் இல்லாத குழலை, கேப்பு முனையைக் கழற்றி, சுட்ட அன்றே சோப்புக் கரைத்த வெந்நீரால் கழுவ வேண்டும். கம்பியில் சுற்றிய துணி வெள்ளையாக வெளியே வரும்வரை. சூடான குழல் தானாகவே உலரும்; உலர்ந்ததும் எண்ணெய் தடவ வேண்டும். மறுபடி பயன்படுத்தும் முன் அந்த எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாதவை சில. உரிமத்தில் எழுதிய அளவுக்குள், உரிமம் பெற்ற கடையில் வாங்கிய கரிமருந்து மட்டுமே. பட்டாசு மருந்தும் தீக்குச்சி மருந்தும் போட்டவர்களில் விரல் போனவர்களும் கண் போனவர்களும் உண்டு. தோட்டாவிலிருந்து எடுத்த புகையில்லா மருந்து குழலையே பிளந்துவிடும். குண்டு மருந்தின் மேல் இடைவெளி இல்லாமல் அமர வேண்டும். வீட்டுக்குள் மருந்து கெட்டித்த துப்பாக்கியே கூடாது, ஒரு இரவுக்குக்கூட. மருந்தும் கேப்பும் தனித்தனிப் பூட்டில். உரிம நிபந்தனையை மீறினால் அதற்கும் தனித் தண்டனை உண்டு. தேர்தல் அறிவித்ததும் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும், அப்போதும் ரசீது.

இவ்வளவுக்குப் பிறகும் உரிமம் கேட்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. என் கருத்தைக் கேட்டால், சுட அனுமதியில்லாத, ஒருமுறை சுட்டபின் மறுபடி கெட்டிக்க ஒரு நிமிடம் பிடிக்கும், இருட்டில் காயம்பட்ட பன்றியை உங்கள் மீதே திருப்பிவிடக்கூடிய ஒரு துப்பாக்கிக்காக மூன்று அலுவலகங்களில் அலைவதைவிட, அந்த நாட்களைக் கூண்டுக்கும் வேலிக்கும் இழப்பீட்டுக்கும் செலவிடலாம். அப்பாவின் நினைவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அம்மா விரும்பினால் மனுப் போடுங்கள், தவறில்லை. சட்டம் இடம் தருகிறது.

ஒப்படைக்கும் மனுவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வரும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு உரிமப் புத்தகம், இறப்புச் சான்றிதழ், ஆதார், ஒவ்வொன்றிலும் மூன்று நகல் எடுத்துக்கொண்டு போங்கள். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள். மனுவின் நகலை எனக்கும் அனுப்பினால், வாரிசு உரிம விண்ணப்பத்துக்கு என்னென்ன சேர்க்க வேண்டும் என்று தனியாக எழுதுகிறேன்.